தோப்பில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மூத்த மகளுக்கு வருகிற ஐப்பசியில் கல்யாணம். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம். ஏசி மண்டபத்துக்குள் அடைந்து கிடக்க மாட்டேன், மரத்தடியில் திறந்த வெளியில்தான் கல்யாணம் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூன்று இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று, ஆனைமலைப் பக்கம் என் கொழுந்தனாரின் தென்னந்தோப்பு, ஆறு ஏக்கர். இரண்டு, பொள்ளாச்சி–கோவை சாலையில் புல்வெளியோடு கூடிய ஒரு மண்டபம். மூன்று, தொண்டாமுத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதன் மேல்தான் ஆசை. வரவேற்புக்கு 700 பேர், முகூர்த்தத்துக்கு 400 பேர் வருவார்கள். என் மாமியாருக்கு 84 வயது; வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வரவேற்பைத் தோப்பில் சீரியல் விளக்குப் போட்டு நடத்திவிட்டு, முகூர்த்தத்தை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். மழையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எதை முடிவு செய்வது?

— ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன யோசனையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். வரவேற்பு மண்டபத்துக்குள் நடக்கட்டும். முகூர்த்தத்தைத் தோப்பில் வையுங்கள். முப்பது வருஷமாகப் பந்தல் போட்டுப் பிழைக்கிறவன் சொல்கிறேன், காரணத்தையும் கேளுங்கள்.

ஐப்பசி அடைமழை என்று சொல்லிச் சொல்லியே நாம் அந்த மாதத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். பயத்தில் நியாயம் இருக்கிறது. கோவை வட்டாரத்துக்கு ஆண்டிலேயே அதிக மழை கிடைப்பது அக்டோபரில்தான். ஆனால் எந்த மாதத்தில் மழை என்று பார்க்கிற நாம் எந்த நேரத்தில் மழை என்று பார்ப்பதில்லை. சென்னை, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கொட்டும். நம்மைப்போல உள்ளே இருக்கிற ஊர்களில் கதை வேறு. பகலெல்லாம் சுள்ளென்று வெயிலடித்து, தரை சூடேறி, மூன்று மணிக்கு மேல் கருக்கல் கட்டி, சாயங்காலம் இடியும் மின்னலுமாக இறங்கும். ராத்திரி ஓய்ந்துவிட்டால் காலையில் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். பொள்ளாச்சியில் இத்தனை வருஷம் இருக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள்: பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து மழையில் எத்தனை தடவை நனைந்திருப்பீர்கள், காலையில் பால் வாங்கப் போகும்போது எத்தனை தடவை நனைந்திருப்பீர்கள்?

ஆக, மாலை 6.30 மணிக்குத் தோப்பில் வரவேற்பு என்பது மழைக்கு நாமே பத்திரிகை வைத்து அழைப்பது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாலையில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். புல்வெளி, மேலே வெள்ளைச் சீலை கட்டிய அலங்காரப் பந்தல், பார்க்க ரதி மாதிரி இருந்தது. ஏழு மணிக்கு மழை. சீலை தண்ணீரைக் கீழே விடவில்லை, தேக்கி வைத்துக்கொண்டது. மேடைக்கு நேர் மேலே பசு மடி மாதிரித் தொங்கியது. என் ஆள் ஒருவன் கீழேயிருந்து மூங்கிலால் நிமிண்டித் தண்ணீரைத் தள்ளப் பார்த்தான். சீலை கிழிந்து மொத்தமும் மாப்பிள்ளை தலையில் இறங்கியது. பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வாடகைக் கணக்கும் இந்த ஏற்பாட்டுக்கே தோதாக இருக்கிறது. மண்டபங்களைப் பெரும்பாலும் முதல்நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரைக்குத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். வரவேற்புக்கு அதைப் பிடித்தால் மறுநாள் காலையும் அது உங்கள் கையில்தான் இருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்து நிலைகொண்டுவிட்டால் நான் மேலே சொன்ன நேரக் கணக்கெல்லாம் செல்லாது, காலையிலும் விடாமல் தூறும். அப்போது முகூர்த்தம் மண்டபத்துக்கு மாறும், தனியாக ஒரு பைசா வாடகை இல்லை. தோட்டக் கல்யாணம் பேச வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே ‘மழை வந்தால் எங்கே?’ என்பதுதான். பூ, விளக்கு, பாட்டு எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வருகிறவர்கள் அநேகமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

மலையடிவார ரிசார்ட் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தொண்டாமுத்தூருக்கு அப்பால் காட்டு ஓரம் முழுக்க யானை நடமாட்டம் உள்ள பகுதி. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் 700 பேரை வரவழைத்துத் திருப்பி அனுப்புவது லேசான காரியமில்லை. வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம் கட்டாமல் நமக்குக் கல்யாணம் ஆகாது. அடிவாரத்தில் அதைக் கட்டுவது யாருக்கு விருந்து வைப்பது என்று நீங்களே யோசியுங்கள். காட்டை ஒட்டி வெடியும் ஒலிபெருக்கியும் வைப்பது அங்கே வாழ்கிற உயிர்களுக்கும் நல்லதல்ல. புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் பகலில் பெண்ணும் மாப்பிள்ளையும் போய் எடுத்து வரட்டும்.

இனித் தோப்பு. இப்போது ஆடி. நீங்கள் போய்ப் பார்த்த அன்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்து எடுத்திருக்கும், ‘இதில் எப்படி விளக்கேற்றுவது’ என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஐப்பசியில் அந்தக் காற்று இருக்காது. வைகாசி, ஆனியில் முகூர்த்தம் வைத்திருக்கிறவர்கள்தான் அதற்குப் பயப்பட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. சாயங்காலம் ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்துப்போய், மணவறை போட நினைக்கிற மரத்தடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். பொள்ளாச்சித் தென்னைகளில் 2016-லிருந்து சுருள் வெள்ளை ஈ பிடித்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பாகு மாதிரி ஒரு திரவத்தைக் கீழே விடும். அது விழுந்த இடமெல்லாம் பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து கீழ் ஓலைகள் கரி பூசின மாதிரி இருக்கும். வேட்டியில் தொட்டால் ஒட்டுகிற புள்ளிகள் தெரிந்தால், அன்றைக்கு அந்த இடத்தில் உங்கள் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலை இருக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழைக்குப் பிறகு இந்த ஈ குறையும், ஆனால் அதை நம்பி நாற்காலி போட முடியாது. பறவை எச்சம், எறும்பு, கட்டெறும்பு எல்லாமும் அந்த வேட்டியே சொல்லிவிடும்.

அடுத்து, தேங்காய். தோப்புக் கல்யாணப் படங்களில் தேங்காய் விழுவதை யாரும் காட்டுவதில்லை. கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் மரம் ஏறுகிறவரை வைத்து ஆள் நடமாடுகிற பகுதியில் விளைந்த காய், காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, விலை வரட்டும் என்று கொழுந்தனார் இழுத்தால் அந்தக் காய்க்கு நீங்களே பணம் கொடுத்துவிடுங்கள். நோய் வந்து தலை போன மொட்டை மரங்கள் இருந்தால் அந்தப் பக்கமே யாரையும் விடாதீர்கள். மழையில் ஊறிய மண்ணில் அவை சொல்லாமல் சாயும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். மணவறையை மரத்தடியில் போடவே வேண்டாம், களத்தில் போடுங்கள். ஆறு ஏக்கர் தோப்பில் தேங்காய் உலர்த்த ஒரு சிமெண்ட் களம் இல்லாமலா இருக்கும்? நான் பார்த்த தோப்புகளில் கல்யாணத்துக்கு அதைவிட நல்ல இடம் அமைந்ததில்லை. சுற்றிலும் தென்னை, தலைக்கு மேல் திறந்த வானம், காய் விழாது, பாகு சொட்டாது. தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தே போட்டிருப்பார்கள், ராத்திரி மழை பெய்தாலும் காலையில் துடைப்பத்தால் தள்ளிவிட்டால் காய்ந்துவிடும். சேறு இல்லை. உங்கள் மாமியாரின் வாக்கர் புல்லிலும் மண்ணிலும் புதையும், களத்தில் புதையாது. ஐப்பசி மழையில் கொப்பரை காயப்போட மாட்டார்கள் என்பதால் களம் சும்மாதான் கிடக்கும். உட்கார ஓர் ஆளுக்கு 10 சதுர அடி என்பது என் கணக்கு. 400 பேருக்கு 4,000, மணவறைக்கும் மேளக்காரர்களுக்கும் நடைபாதைக்கும் ஓர் ஆயிரம். ஆக 100 அடிக்கு 50 அடி களம் இருந்தால் போதும். சின்னதாக இருந்தால் மணவறையும் வயதானவர்களும் களத்தில், இளசுகள் பக்கத்தில் மேட்டிங் விரித்த மண்ணில்.

மரங்களுக்கு நடுவில்தான் வேண்டும் என்று மகள் அழுதால், நடவு இடைவெளி 25 அடி என்பதை நினைவில் வையுங்கள். அதற்குள் அடங்குகிற மாதிரி 20 அடி மணவறைதான் போட முடியும். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் ஒரு மரம் மணமக்களை மறைக்கும். வீடியோக்காரர் உங்களைத் திட்டிக்கொண்டே வேலை செய்வார்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள். ஐப்பசியில் இங்கே சூரியன் உதிப்பது கிட்டத்தட்ட 6.15-க்கு. ஏழு மணிக்குச் சாய்வெயில் தென்னை மட்டைகளுக்குக் கீழே புகுந்து நேராக முகத்தில் அடிக்கும். தாலி ஏறுகிற நேரத்தில் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிற படங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் களத்தில் கிழக்குப் பார்த்து நீங்களே பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் அடிக்கிற பக்கம் வரிசையாகப் பச்சை ஓலைத் தட்டி நிறுத்தினால் தீர்ந்தது. அந்தத் தட்டியே ஓமத் தீயைக் காற்றிலிருந்தும் காக்கும். ஆனால் தீயிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கட்டும்.

பந்தலுக்கு மேற்கூரை தகரம் போடுங்கள், அல்லது ஜெர்மன் ஹேங்கர் என்கிற பெரிய கூடாரம். சீலையை உள்பக்கம் அலங்காரத்துக்கு மட்டும் கட்டலாம். காய்ந்த கீற்றுக்கூரை மட்டும் வேண்டவே வேண்டாம். கிராமத்துப் பந்தல் மாதிரி அழகாக இருக்கும் என்று மகள் போனில் படம் காட்டுவாள், எனக்கும் தினம் யாராவது காட்டுகிறார்கள். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடியோ விளக்கு வயரிலிருந்து வந்த பொறிதான் காரணம் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் கிடங்கில் கீற்றே வாங்குவதில்லை. பச்சைக் குருத்தோலைத் தோரணம் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டித் தருகிறேன்.

தோப்பில் மோட்டார் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது என்று கொழுந்தனார் சொல்வார். அது விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பு. பந்தலுக்கு அதிலிருந்து ஒரு வயர் இழுத்தாலும் அபராதம் கட்ட நேரிடும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக் கேளுங்கள், இல்லையென்றால் முழுக்க ஜெனரேட்டர். காலை நிகழ்ச்சி என்பதால் விளக்குச் சுமை குறைவு, சின்ன ஜெனரேட்டர் போதும். அதைக் களத்திலிருந்து எட்ட, சத்தம் கேட்காத மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாதஸ்வரத்துக்கு மைக் எதற்கு? திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. மண்டபத்துக் கூரைக்கடியில் மைக் வைத்து ஊதி ஊதித்தான் நாம் அதைக் காதைப் பொத்துகிற சமாச்சாரமாக்கிவிட்டோம்.

சாப்பாட்டைத் தோப்பில் சமைக்காதீர்கள். 7.30-க்கு முகூர்த்தம் முடிந்ததும் அங்கே காலை டிபன் மட்டும். இட்லி, பொங்கல், வடை, ஒரு இனிப்பு, காபி. இலை போட்டு 200 பேராக இரண்டு பந்தி. கல்யாணச் சாப்பாடு மதியம் மண்டபத்தில், அங்கேயுள்ள சமையல்கூடத்தில். இப்படிப் பிரித்தால் தோப்புக்குப் பாத்திர பண்டம், அடுப்பு, தண்ணீர் லாரி எல்லாம் பாதியாகக் குறையும். தோட்டத்தில் நடத்தினால் மண்டபச் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்டபத்தில் நாற்காலி, மேஜை, கழிவறை, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குள்ளேயே வந்துவிடும். தோப்பில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். கழிவறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோட்டத்து வீட்டில் இருக்கிற ஒன்று பெண்ணுக்கும் மாமியாருக்கும் மட்டும். மற்றவர்களுக்கு நடமாடும் கழிவறை குறைந்தது ஆறு, பெண்களுக்கு நான்கு அதில். பிளாஸ்டிக் தம்ளரும் மேஜை விரிப்பும் 2019-லிருந்தே தடை, கொழுந்தனாரின் மண்ணிலும் அவை வேண்டாம்.

கார் நிறுத்துகிற இடத்தின் மண்ணைப் பாருங்கள். செம்மண் என்றால் பிழைத்தோம். கரிசல் என்றால் முதல்நாள் மாலை மழைக்குப் பிறகு டிராக்டர் வைத்துத்தான் கார்களை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். ஏக்கருக்குச் சுமார் 150 கார் நிறுத்தலாம். வாய்க்கால் கரையோரப் பாதையில் எதிரெதிரே இரண்டு வேன் விலக முடியுமா என்றும் பாருங்கள். முடியாதென்றால் போக ஒரு வழி, வர ஒரு வழி. ஒரு வாரத்துக்கு முன்பே அந்தப் பகுதிக்குப் பாசனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு (பிஏபி) வாய்க்காலில் உங்கள் முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் வருகிறது என்பதைக் கொழுந்தனாரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

மரங்களை அண்ணாந்து பார்க்கிற வேலை இன்னொன்றும் இருக்கிறது. தேன்கூடும் கதண்டுக் கூடும். ஓமப் புகை மேலே போனால் தேனீ கலையும், பட்டாசுச் சத்தத்துக்கும் கலையும். கதண்டு கொட்டி உயிர் போனவர்கள் நம் ஊர்ப்பக்கம் உண்டு. தோப்பைச் சுற்றியுள்ள பெரிய மரங்கள், கிணற்றின் உள்சுவர், பழைய கொட்டகையின் விட்டம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கதண்டு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழித்துக் கொடுப்பார்கள். சொந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

முகூர்த்தம் தோப்பிலா மண்டபத்திலா என்பதை வரவேற்பு அன்று மதியம் 2 மணிக்கு ஒரே ஓர் ஆள் முடிவு செய்ய வேண்டும். அந்த ஆள் யார் என்பதை நிச்சயத்தன்றே இரு வீட்டாரும் பேசிவிடுங்கள். மாவட்டத்துக்கு வானிலை மையம் சொல்கிற முன்னறிவிப்பைப் பார்த்து, தாழ்வு மண்டலம் எதுவும் இல்லையென்றால் தோப்பு. இருந்தால் மண்டபம். அதற்குப் பிறகு மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று மாற்றக் கூடாது. மண்டபத்தில் ஓமம் வளர்க்க விடுவார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், சில ஏசி மண்டபங்களில் விடுவதில்லை. அங்கே ஓர் எளிய மணவறையும் தயாராக நிற்கட்டும். அந்தப் பூ வீண் போகாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் எடுக்க ஆகும்.

பெண்ணும் நெருங்கிய சொந்தமும் வரவேற்பு முடிந்ததும் தோட்டத்து வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்வது உத்தமம். அதிகாலை நான்கு மணிக்கு அலங்காரத்தோடு பயணம் வேண்டாம்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். தோட்டத்துக் கல்யாணம் அவள் தலைமுறை கண்டுபிடித்ததில்லை. மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், அவருடைய முகூர்த்தக்கால் அநேகமாக வீட்டு வாசலிலோ களத்திலோதான் ஊன்றியிருப்பார்கள்.

நல்ல முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆடி முடிவதற்குள் முன்பணம் கொடுத்துவிடுங்கள். வேட்டியை இந்த வாரமே விரியுங்கள். காலையில் அதில் என்ன இருந்தது, களத்தின் நீள அகலம் எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பந்தல் அளவைக் குறித்து அனுப்புகிறேன்.